பாட்டி கையெழுத்து, வெள்ளி பெண்டன்ட்ல

பாட்டி கைப்பட எழுதின ரசப்பொடி குறிப்பை அப்படியே ஒரு வெள்ளி பெண்டன்ட்ல பதிக்க முடியுமா? முடியும். ஆனா எந்த மையில அச்சடிக்கிறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு.

எனாமல் பெயின்ட் இல்லைங்க, கண்ணாடித் தூள். உலோகத்து மேல தூவி 750–850 டிகிரி செல்சியஸ் சூளையில வச்சா உருகி ஒட்டிக்கும். இங்க்ஜெட் மை அந்தச் சூட்டுல எரிஞ்சு காணாமப் போயிடும். ஆனா சில கறுப்பு லேசர் டோனர்கள்ல இரும்பு ஆக்சைடு இருக்கு. பிளாஸ்டிக் எரிஞ்சாலும் இரும்பு தங்கிடும். அதனால கறுப்பு எழுத்து பழைய போட்டோ மாதிரி பழுப்பா மாறும். எனக்கு அது கறுப்பைவிடப் பிடிக்கும். கலர் வேணும்னா செராமிக் நிறமியில அச்சடிச்ச டிரான்ஸ்ஃபர் வாங்கணும்.

கையெழுத்தை ஸ்கேன் பண்ணி டிரான்ஸ்ஃபர் தாள்ல அச்சடிக்கணும். மூலத் தாள் பத்திரமா வீட்லயே இருக்கும். அச்சடிச்ச தாளைத் தண்ணியில ஊறவச்சா மேல் படலம் வழுக்கி வரும். அதை, ஏற்கெனவே சுட்ட வெள்ளை எனாமல் மேல நகர்த்தி வைக்கணும். பபுள்கம் டாட்டூ மாதிரி கவிழ்த்து ஒட்டுறதில்ல, அதனால எழுத்தைத் திருப்பி அச்சடிக்க வேண்டாம். அடியில ஒரு சொட்டுத் தண்ணி மாட்டினாலும் சூளையில கொதிச்சு எழுத்துல ஓட்டை விழும். ராத்திரி முழுக்க காயவிடுங்க. படலம் எரியும்போது புகை வரும், காத்தோட்டம் வேணும்.

லண்டன் பாட்டர்ஸீயில 1753–56லேயே எனாமல் பெட்டிகள்ல படத்தை அச்செடுத்துப் பதிச்சாங்க. ஆனா அது செம்பு. வெள்ளி அவ்வளவு சூடு தாங்காது. 925 வெள்ளி 800 டிகிரியைத் தாண்டினதுமே இளக ஆரம்பிக்கும். அதுல இருக்கிற 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்பு. அது சூட்டுல கறுத்து, எனாமல் அடியில கறையாத் தெரியலாம். சுத்த வெள்ளி உருக 961 டிகிரி வேணும், அதனால அதுதான் பாதுகாப்பு.

இதனாலதான் சொல்றேன்: பாட்டியோட பழைய டாலரையே இதுக்குக் கொடுத்துடாதீங்க. கல் வெடிக்கலாம், பற்றவச்ச இடம் விட்டுப் போகலாம். புதுத் தகடுல செய்யச் சொல்லுங்க.

ஆன்லைன்ல வாங்குறவங்க, "சூளையில சுட்டதா?"ன்னு கேளுங்க. எபாக்சி ரெசின் ஊத்தினதையும் எனாமல்னு விக்கிறாங்க. ரெசின் வெயில்ல மஞ்சளாகும். கண்ணாடி ஆகாது. ஆனா கீழ போட்டா சில்லு பேந்துடும்.