பட்ஜெட் 5 லட்சம்... பழைய ஜீப் வாங்கலாமா? விலை பேசும் முன் பார்க்க வேண்டியவை!

கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் அரசுப் பேருந்தும் ஏறுகிறது, ஆல்டோவும் ஏறுகிறது. தார் ரோடு இருக்கும்வரை சாதாரண காரே போதும். தார் ரோடு முடியும் இடத்தில்தான் பிரச்னை ஆரம்பிக்கிறது. மிளகுத் தோட்டத்துக்கோ, ஓடை தாண்டி இருக்கும் வீட்டுக்கோ போகிற கடைசி இரண்டு கிலோமீட்டர், ஐப்பசி மழையில் சேறாகிவிடும். உர மூட்டை ஏற்றிய கார், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். நடுராத்திரியில் வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு வலி என்றால், அந்த இரண்டு கிலோமீட்டர் இருநூறு கிலோமீட்டர் ஆகிவிடும்.

மலையில் நிலபுலன் உள்ள குடும்பங்கள் ஜீப்பைப் பற்றி யோசிப்பது இதனால்தான். ஆனால், நான்கு சக்கரமும் இழுக்கும் புது வண்டி 10 லட்சத்தைத் தாண்டுகிறது. எனவே, சேமிப்போடு நகைக்கடனையும் சேர்த்து, 'ஐந்து லட்சத்துக்குள் ஒரு செகண்ட் ஹேண்ட் கிடைக்குமா' என்று தேட ஆரம்பிக்கிறார்கள்.

கிடைக்கும். ஆனால், இந்த விலையில் வருபவை பெரும்பாலும் 10 வயதைத் தாண்டிய, மேட்டிலும் பள்ளத்திலும் உழைத்த வண்டிகள். அவற்றை வாங்கும்போது, அவற்றின் பழைய வாழ்க்கையையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். அது பளபளக்கும் பெயின்ட்டில் தெரியாது. வண்டிக்கு அடியிலும் ஆர்.சி. புக்கிலும்தான் தெரியும்.

நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமா?

முதலில் இதைத் தீர்மானியுங்கள். உங்கள் பாதை கல்லும் குழியுமாக மட்டும் இருந்தால், தரையிலிருந்து உயரமாக நிற்கும் பொலேரோ போன்ற வண்டியே போதும். பொலேரோக்களில் பெரும்பாலானவை பின் சக்கரம் மட்டும் இழுப்பவை. விலை குறைவு, செலவு குறைவு, சின்ன ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார்.

பாதையில் சேறு, ஈரமான களிமண் ஏற்றம், ஓடை, மணல் இருந்தால்தான் ஃபோர் வீல் டிரைவ் அவசியம். அந்த வசதிக்காக டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃப்ரன்ஷியல், இன்னொரு புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று கூடுதல் பாகங்கள் இருக்கும். அத்தனைக்கும் தேய்மானம் உண்டு, செலவும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை கொடைக்கானல் டூர் போவதற்காக அந்தச் செலவை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம்.

கையில் 5 லட்சமா? மூன்றரைக்கு மேல் பேசாதீர்கள்

குறைந்த பட்ஜெட்டில் வாங்குகிறவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். கையிலிருக்கும் மொத்தத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே கிளட்ச் போனதும் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். வண்டி மரத்தடியில் நிற்க, நகைக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

5 லட்சத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

* வண்டிக்கு அதிகபட்சம் 3.5 லட்சம்.
* பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், தேவைப்பட்டால் எஃப்.சி. வேலைகளுக்கு 50 ஆயிரம்.
* முதல் மூன்று மாத ரிப்பேருக்கு 1 லட்சம்.

கடைசி ஒரு லட்சம் அதிகம்போலத் தோன்றும். ஐந்து டயரும் பேட்டரியும் மாற்றினாலே அரை லட்சத்தை நெருங்கிவிடும். அதன்பின் இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃப்ரன்ஷியல், பின் டிஃப்ரன்ஷியல் என ஐந்து இடத்தில் ஆயில் மாற்ற வேண்டும். பிரேக், கிளட்ச் வேலை தனி. பழைய வண்டிக்குக் கடன் தர வங்கிகள் தயங்கும், தந்தாலும் வட்டி கூடுதல். ஆகவே, இந்த ஒரு லட்சத்தைத் தொடாமல் வைத்திருப்பது முக்கியம்.

என்னென்ன வண்டிகள் கிடைக்கும்?

மாருதி ஜிப்ஸி: 1985-ல் வந்த வண்டி. எடை குறைவு என்பதால் சேற்றில் எளிதில் புதையாது. பெட்ரோல் இன்ஜின் எளிமையானது. 1.3 லிட்டர் இன்ஜின் கொண்ட ஜிப்ஸி கிங் மலைக்கு நல்ல தேர்வு. ஆனால், பவர் ஸ்டீயரிங்கோ கம்பெனி ஏ.சி.யோ கிடையாது. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் என்பதால் முதுகு வலி உள்ளவர்களுக்கு ஒத்துவராது. பெட்ரோலும் நிறையக் குடிக்கும். உற்பத்தி நின்றுவிட்டதால் சில பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்கும்.

பழைய மஹிந்திரா ஜீப்புகள்: டீசல். கட்டுமஸ்தானவை, நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் பழக்கமானவை. வேகம், சொகுசு இரண்டையும் எதிர்பார்க்கக் கூடாது.

பழைய தார்: 2010 முதல் 2020 வரை வந்தது. இதில் 2.5 லிட்டர் சி.ஆர்.டி.இ. இன்ஜின் கொண்டதற்கு மவுசு அதிகம், விலையும் அதிகம். பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய தாரின் டி.ஐ. மாடலிலும், புதிய தாரிலும் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகைகள் உண்டு.

ரெனோ டஸ்டர் ஏ.டபிள்யூ.டி: 2014-ல் அறிமுகமானது. குடும்பத்தோடு நீண்ட தூரம் போக வசதியானது. ஆனால், ஜீப்புகளில் இருப்பதுபோல ஏற்றத்துக்கான தனி 'லோ' கியர் இதில் கிடையாது. இந்தியாவில் பழைய டஸ்டர் விற்பனை 2022-ல் நின்றுவிட்டது. அந்த ஃபோர் வீல் பாகங்களைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

காலையில் போங்கள்

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போவது நல்லது. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில்தான் அதன் உடல்நிலை தெரியும்.

புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே கசியலாம், டீசல் வண்டியில் இன்ஜெக்டர் கோளாறாகவும் இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறதா? பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். ஒருநாள் கூலி கொடுத்தாலும் அது லாபம்தான்.

கீழே படுத்துப் பாருங்கள்

ஜீப்பின் உயிர் அதன் சேசிஸில் இருக்கிறது. பாய் விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். லீஃப் ஸ்பிரிங் சேசிஸோடு சேரும் இடங்களில்தான் துருவும் விரிசலும் முதலில் வரும். வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா, ஸ்பிரிங் பட்டைகளில் ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் வரட்டும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்காமல் பொத்தென்று கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது.

டிஃப்ரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டீயில் பால் கலந்ததுபோல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையில் அடிக்கடி இறங்கிய வண்டி அது.

ஜிப்ஸியிலும் பழைய ஜீப்புகளிலும் முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின் அல்லது பேரிங் வேலை காத்திருக்கிறது. கவனிக்காமல் விட்டால், வேகத்தில் ஸ்டீயரிங் கையை உதறும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதையும் சோதியுங்கள். 2015-ல் சென்னையிலும், 2018-ல் கேரளாவிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, நெல்லைப் பகுதிகளிலும் ஏராளமான வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியலாம். மேட்டுக்கு அடியிலும் சீட் தண்டவாளத்திலும் துரு இருக்கும்.

லீவரைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்

'ஃபோர் வீல் நான் போட்டதே இல்லை, புதுசு மாதிரி இருக்கும்' என்று விற்பவர் சொன்னால் சந்தோஷப்பட வேண்டாம். பல வருடம் தொடாத லீவர் இறுகிப்போயிருக்கும்.

சோதனையை மண் தரையில் செய்யுங்கள். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் கியர்கள் இறுகி, பாகங்கள் கெடும். ஜிப்ஸி போன்ற வண்டிகளில் முன் சக்கர ஹப்பைக் கையால் திருப்பி லாக் செய்யும் அமைப்பு இருக்கலாம். அதையும் திருப்பிப் பாருங்கள். 4 ஹெச், 4 எல் இரண்டும் விழுகிறதா, மணல் மேட்டில் பின் சக்கரம் வழுக்கும்போது முன் சக்கரம் இழுக்கிறதா, மறுபடி 2 ஹெச்சுக்கு வருகிறதா என்று வெளியே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது லீவர் தானாகக் கழன்று வந்தால் அந்த வண்டி வேண்டாம்.

டயர்களில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. நான்கு டயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு மாறியிருந்தால், ஃபோர் வீல் போடும்போதெல்லாம் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும்.

அலங்காரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

பெரிய டயர், இரும்பு பம்பர், வரிசையாக லைட்டுகள்... 'இதற்கே ஒரு லட்சம் ஆச்சு சார்' என்பார்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. முன்பக்க இரும்பு பம்பர்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி, மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. எஃப்.சி.க்குப் போகும்போது இதையெல்லாம் கழற்றும் செலவு உங்களுடையது. பழைய ஜீப்புகளில் இன்ஜினையே மாற்றியிருப்பார்கள். இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் உடனே கிளம்பிவிடுங்கள்.

ஆர்.சி. பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு தேதி, எஃப்.சி., இன்ஷூரன்ஸ், லோன் விவரங்களைப் பார்க்கலாம். அபராத பாக்கியையும் ஆன்லைனிலேயே பார்த்துவிடலாம். லோன் இருந்தால், அது முடிந்ததற்கான கடிதமும் படிவம் 35-ம் தேவை. சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்குத்தான். 2010-ல் பதிவான வண்டிக்கு 2025-ல் அது முடிகிறது. புதுப்பிக்காத வண்டி என்றால் எஃப்.சி. செலவைக் கணக்கிட்டு விலையைக் குறையுங்கள்.

டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு எதிராக 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு, வடக்கிலிருந்து மலிவாக வண்டிகள் வர ஆரம்பித்தன. அதற்கு அந்த ஊரின் என்.ஓ.சி. வேண்டும். தமிழ்நாட்டில் வரி கட்டி, மறுபதிவும் செய்ய வேண்டும். எல்லாம் கூட்டினால் மலிவு காணாமல் போகலாம்.

படிவம் 29, 30-ல் விற்பவரின் கையெழுத்தை வாங்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள்ளும், இன்ஷூரன்ஸ் மாற்றத்துக்கு 14 நாளுக்குள்ளும் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு விபத்து நடந்தால், நஷ்டஈட்டுக்காக வீடு, நிலத்தை விற்கும் நிலைகூட வரலாம். பணமாகக் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்பினால், பிறகு தகராறு வந்தாலும் ஆதாரம் இருக்கும்.

பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்?

வீட்டில் எல்லோரும் யோசிக்க வேண்டிய விஷயம் இது. பழைய ஜீப், ஜிப்ஸி, பழைய தார் போன்றவற்றில் ஏர்பேக் கிடையாது. பல வண்டிகளில் பின்னால் எதிரெதிர் பெஞ்ச்தான், சீட் பெல்ட்டும் இருக்காது. தோட்டத்துப் பாதையில் மெதுவாகப் போக அது சரி. அதே பெஞ்சில் பிள்ளைகளை உட்காரவைத்து ஹைவேயில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போவது ஆபத்து. குடும்பத்துக்கு ஒரே வண்டிதான் என்றால், எல்லா சீட்டும் முன்னோக்கி இருக்கிற, பெல்ட் உள்ள வண்டியாகப் பாருங்கள்.

எல்லாம் பார்த்த பிறகு, குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக் சொல்லும் செலவைப் பக்கத்தில் குறித்து, அந்தத் தாளைக் காட்டி விலை பேசுங்கள். வாய்ப்பேச்சைவிட அதற்கு மதிப்பு அதிகம். 'இன்னொரு பார்ட்டி வருகிறார், இப்போதே அட்வான்ஸ் போடுங்கள்' என்று அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அடுத்த ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.