காகிதம் அரியும் இயந்திரம்

அலுவலகங்களின் மூலையில் குப்பைக்கூடை போன்ற பெட்டி ஒன்று நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் வாயில் தாளை இட்டால் கரகரவென்ற ஓசையுடன் துண்டு துண்டாய் அரிந்து தள்ளும். அமெரிக்கரான ஏபட் அகஸ்டஸ் லோ என்பார் 1909ஆம் ஆண்டில் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

கையால் கிழித்தால் போதாதா என்று பெற்றோர் வினவலாம். போதாது. சம்பளச் சீட்டு, அடையாள அட்டையின் நகல், வங்கிக் கணக்குத் தாள் ஆகியவற்றைக் குப்பையில் பொறுக்கும் தீயோர் நம் பெயரிலேயே கடன் வாங்கக்கூடும். 1979இல் டெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் நாடா நாடாவாக அரியப்பட்டுக் கிடந்த தாள்களை, ஈரானியர் பொறுமையுடன் இணைத்துப் படித்துவிட்டனர்! ஆதலின், குறுக்கும் நெடுக்குமாக அரியும் வகையே மேலானது.

பெட்டியினுள் எதிரெதிராகச் சுழலும் இரு உருளைகளில் கூரிய பற்கள் உள்ளன. அளவுக்கு மீறித் தாளைத் திணித்தால் அவை சிக்கிக்கொள்ளும். அப்போது பின்னோக்கிச் சுழற்றும் விசையை அழுத்துதல் வேண்டும். கிளிப்புகளை முன்னரே நீக்கிவிடுக. சில நிமிடங்கள் ஓடியபின் சூடு ஆறவிடுக. இதற்கென விற்கப்படும் எண்ணெயை ஒரு தாளில் கோடாகத் தடவி உள்ளே செலுத்தினால் பற்களில் பரவும். பீய்ச்சும் புட்டி எண்ணெய் தீப்பற்றக்கூடியது. அதனைத் தொடவே வேண்டா.

ஒருமுறை யான் குனிந்தபோது என் கழுத்துப்பட்டையின் நுனியை அது பற்றிக்கொண்டது. விசையை உடனே அணைத்ததால் பட்டை மட்டுமே பாழாயிற்று. சிறுவர் விரலும் தங்கையரின் பின்னலும் அவ்வாறே சிக்கக்கூடும். வேலை முடிந்ததும் மின்தொடர்பைக் கழற்றிவிடுங்கள்.