கார் நிக்கோபாரில் ஒரு கிரேக்க விருந்து

தமிழ்க் குடும்பங்களில் பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டிச் செல்ல வேண்டுமானால் அதற்குத் தக்கதொரு முகாந்திரம் இருந்தாக வேண்டும் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் சம்பிரதாயம். கோயிலில் உற்சவம் என்றால் போகலாம். உறவினர் வீட்டில் கல்யாணம், சீமந்தம், காதுகுத்து என்றால் போகலாம். ஒருவர் காலமாகிவிட்டார் என்றால் போயே தீர வேண்டும். மனம் களிக்க வேண்டும் என்ற ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒரு தாய் தன் பெண்களை அழைத்துக்கொண்டு காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புவாளானால், "அப்படி என்ன அவசியம் வந்துவிட்டது?" என்று யாரேனும் ஒருவர் கேளாதிருப்பதில்லை.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு நம் முன்னோரே ஒரு விலக்கும் வைத்திருந்தார்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று காவிரி பாயும் ஊர்களிலெல்லாம் தாய்மாரும் பெண்களும் புளியோதரையும் எலுமிச்சஞ்சாதமும் தேங்காய்ச் சாதமும் தயிர்ச் சாதமும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குச் சென்று, காதோலை கருகமணியை நீரில் விட்டு, புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, மணலில் வட்டமாக அமர்ந்து உண்டு, கதை பேசிச் சிரித்துவிட்டுப் பொழுது சாய்ந்த பின்பே வீடு திரும்புவார்கள். பூஜை ஒரு நாழிகையில் முடிந்துவிடும்; எஞ்சிய பகல் முழுவதும் அவர்களுடையது. தெய்வத்தின் பெயரால் கிடைத்த அந்த ஒரு நாளை எங்கள் ஊர்ப் பெண்கள் வருஷம் முழுவதும் எதிர்பார்த்திருந்ததை நான் சிறு வயதில் கண்டிருக்கிறேன். இப்போது நானும் இரு பெண்களுக்குத் தாயாகிவிட்ட நிலையில், ஆடி மாதத்துக்காகக் காத்திராமல் எந்த வார இறுதியிலும் அத்தகைய நாளொன்றை அவர்களுக்கு உண்டாக்கிக் கொடுப்பது, அவர்களைப் படிக்க வைப்பதற்குச் சமமான கடமை என்றே கருதுகிறேன்.

கணவரின் உத்தியோகம் காரணமாக நாங்கள் வசிக்கும் கார் நிக்கோபார், ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேயருக்குத் தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் தொலைவில், அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கும் பத்துப் பாகைக் கால்வாய்க்கு அப்பால் இருக்கிறது. ஏறக்குறைய 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தட்டையான தீவில், கடலோரத்திலிருந்து உள்நாடு வரையில் தென்னையே ஆட்சி செய்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இங்குள்ளோர் 17,841 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிக்கோபாரிகள். பழங்குடி மக்களின் பாதுகாப்புக்காக 1956-இல் பிறப்பிக்கப்பட்ட சட்டத்தின் கீழ் இது ஒதுக்கப்பட்ட பிரதேசமாதலால், வெளியார் அனுமதிச் சீட்டின்றிக் கால் வைக்க முடியாது. ஆகவே உல்லாசப் பயணிகளின் கூட்டமும் இல்லை. இப்படிப்பட்ட தீவில் ஒரு கிரேக்க விருந்து எப்படி நடந்தது என்று வாசகர்கள் வியக்கக்கூடும்.

அதற்குக் கடலடிக் கம்பிதான் மூல காரணம். சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கும், அங்கிருந்து கார் நிக்கோபார் முதலிய மற்றத் தீவுகளுக்குமாகச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குச் சமுத்திரத்தின் அடியில் இட்ட கம்பி 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி சேவைக்கு வந்த பிறகு, ஒரு படத்தை முழுதாகப் பார்ப்பதே அரிதாயிருந்த எங்கள் கைப்பேசிகளில் உலகம் வந்து நின்றது. என் மூத்த பெண் அதில் கண்டெடுத்தது ஏதோ ஒரு கிரேக்கத் தீவில் வாழும் ஒரு பாட்டியை. கறுப்புச் சேலை போன்றதொரு நீண்ட அங்கியும் தலையில் முக்காடுமாக, கடலைப் பார்த்த முற்றத்தில் அமர்ந்து, மீனை நெருப்பில் வாட்டி எலுமிச்சம்பழம் பிழிந்து பேத்திகளுக்கு ஊட்டிய அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு, "அம்மா, இவங்களும் நம்ம மாதிரி தீவுக்காரங்கதானே? இவங்க சாப்பாட்டை நாம செஞ்சு பார்த்தா என்ன?" என்று கேட்டாள். இளையவளோ அடுத்த சனிக்கிழமையே செய்தாக வேண்டும் என்று நாளும் குறித்துவிட்டாள்.

பதார்த்தங்களைச் சேகரித்த கதையே தனி ஆனந்தம். இங்கே கடைச் சாமான் பெரும்பாலும் கப்பலில் வருவது; கப்பல் வராவிட்டால் தக்காளிக்கும் தட்டுப்பாடு. கிரேக்கர் சமையலுக்கு ஆதாரம் ஆலிவ் எண்ணெய். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் உலகத்திலேயே அதனை மிகுதியாக உண்பவர்கள் அவர்கள்தான் என்பார்கள். அது கிடைக்காத இடத்தில் நாங்கள் எடுத்துக்கொண்டது, நிக்கோபாரிப் பெண்கள் தேங்காய்ப் பாலிலிருந்து எடுக்கும் எண்ணெய். மணம் கெடாத, நீர்போல் தெளிந்த இவ்வெண்ணெய்க்கு அண்மையில் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது முற்றிலும் நியாயம். பெரும்பாலும் செம்மறியாட்டுப் பாலில் செய்து உப்பு நீரில் ஊறவைக்கும் ஃபெட்டா பாலாடைக்கட்டிக்குப் பதிலாக, பால்பவுடர் கரைத்துத் திரித்த பனீரை ஓரிரவு உப்பு நீரில் போட்டு வைத்தோம். ஆரிகனோ என்ற அவர்களுடைய வாசனைத் தழைக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், சளிக்குக் கஷாயம் வைப்பதற்காகத் தொட்டியில் வளர்த்துவந்த கற்பூரவல்லியைக் கிள்ளிக்கொண்டு வந்து மூத்தவள் என் மூக்கில் நீட்டினாள். இரண்டுக்கும் அந்தக் காரமான வாசனையைத் தருவது கார்வக்ரால் என்ற ஒரே பொருள் என்பதை அவள் படித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். பாட்டி வைத்தியத்துக்கு மட்டுமே உரியதென்று நான் எண்ணியிருந்த தழைக்கு இப்படியொரு பிரயோஜனத்தை என் பெண் கண்டுபிடித்ததில் எனக்கு உண்டான கர்வத்தை மறைக்க விரும்பவில்லை.

தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்து, துருவிப் பிழிந்த வெள்ளரிக்காயும் நசுக்கிய பூண்டும் கலந்தால் ஜட்சிகி என்ற பதார்த்தம் தயாராகிறது. நம் வெள்ளரிக்காய்ப் பச்சடியை அறிந்த எவருக்கும் அது அந்நியமாகத் தோன்றாது. ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்த மாவைத் தோசைக்கல்லில் போட்டு, பீட்டா ரொட்டிகளும் செய்து துணியில் சுற்றிக்கொண்டோம்.

நம் நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றேயாதலால், இவ்வளவு கிழக்கே கிடக்கும் தீவில் பொழுது சீக்கிரம் விடிந்து சீக்கிரம் சாய்ந்துவிடும்; மாலை ஐந்தரைக்குள் இருள் கவியும் மாதங்களும் உண்டு. எனவே சூரியனுடனேயே புறப்பட்டோம். தீவின் வடகோடியிலுள்ள மூஸ் கிராமத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தேவாலயத்தைப் பெண்களுக்குக் காட்டினேன். காரணம், அவ்வூருக்கும் தமிழுக்கும் உள்ள பாந்தவ்யம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மூஸுக்கு வந்து, பள்ளி நடத்தி, இத்தீவுக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த வேதப்பன் சாலமோன் ஒரு தமிழர். அவரிடம் பயின்ற நிக்கோபாரிச் சிறுவர்களுள் ஒருவரே, பிற்காலத்தில் புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியில் மொழிபெயர்த்தவரும், பிஷப்பாக உயர்ந்தவரும், 1952-இல் முதல் மக்களவையில் இத்தீவுகளின் நியமன உறுப்பினராக வீற்றிருந்தவருமான ஜான் ரிச்சர்ட்சன். தாய்நாட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து பிறர் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகப் பாவித்த அந்த ஆசிரியரைத் தமிழகம் மறந்துவிட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். என் பெண்களேனும் அவர் பெயரை அறிந்து வளரட்டும் என்பதற்காகவே அங்கே நின்றோம்.

சாவாய் விரிகுடாவின் கரையில் எங்களுக்காகக் காத்திருந்தார் எங்கள் அயலாரான நிக்கோபாரி அம்மாள், தம் இரு பெண்களுடன். என் பெண்கள் அவரை ஆண்ட்டி என்றழைப்பார்கள். எங்களுக்குள் பேச்சு ஹிந்தியில் நடக்கும். அவருடைய தம்பி விடியற்காலையில் நீர் வற்றியிருந்தபோது பவளப்பாறைகளின் இடுக்கிலிருந்து பிடித்துவந்த பேய்க்கணவாய் ஒன்றும், கம்பிபோல் விறைத்த புது மீன்களும் ஓலைக்கூடையில் கிடந்தன. அவர் கொண்டுவந்த மற்றொன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் பூவுக்காகப் போற்றும் தாழையின் இனத்தைச் சேர்ந்த மரமொன்று இங்கே மனிதர் தலையைவிடப் பெரிய காய்களைத் தருகிறது. அதைப் பெண்கள் நெடுநேரம் வேகவைத்து, சிப்பி ஓட்டினால் சுரண்டி, நாரையெல்லாம் நீக்கி, மஞ்சள் நிறமான மாவுப் பிண்டமாகத் திரட்டி இலையில் பொதிந்து வைக்கிறார்கள். இலேசான இனிப்பும் மணமும் கொண்ட அவ்வுணவு, அரிசி இத்தீவுக்குச் சகஜமாக வருவதற்கு முன் தலைமுறை தலைமுறையாக இம்மக்களைக் காத்தது. அதைச் செய்யும் பொறுமையும் திறமையும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது.

பேய்க்கணவாயை மிருதுவாக்குவதற்கு அதைப் பாறையில் பலமுறை அறைய வேண்டும் என்று கிரேக்கப் பாட்டி செய்து காட்டியிருந்தாள். மூத்தவள் அதைச் சொல்லத் தொடங்குமுன்பே ஆண்ட்டி கால்களைப் பற்றித் தூக்கிக் கல்லில் அறைய ஆரம்பித்துவிட்டார். பெண்கள் நால்வரும் அதைக் கண்டு கைகொட்டிச் சிரித்து, ஆளுக்கொரு முறை அறைந்து பார்த்து, கடல் நீரில் கழுவி, தேங்காய் மட்டை நெருப்பில் வாட்டினார்கள். எலுமிச்சம்பழம், எண்ணெய், உப்பு, கற்பூரவல்லி. அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. மிளகாய்த்தூள் டப்பாவை நோக்கி நீண்ட என் கையை இளையவள் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்மா, அவங்க போடலை" என்று தடுத்தாள். அவள் தடுத்தது சரி. நல்ல மீனுக்கு அதிகப் பக்குவம் ஆகாது என்று கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே ஆர்க்கெஸ்ட்ரேட்டஸ் என்ற கிரேக்கக் கவிஞர் உபதேசித்திருக்கிறார். அன்று பிடித்த மீனை அன்றே உண்டபோது அவ்வுபதேசத்தின் உண்மை என் நாவுக்குத் தெரிந்தது. தாழைப் பிண்டத்தைப் பீட்டாவில் தடவி, மேலே பனீரும் வெங்காயமும் தக்காளியும் வைத்துத் தின்ற ருசியை ஏதென்ஸ் நகரத்தாரும் அறியமாட்டார்கள். தொன்னைகளாக மடித்த வாழையிலைகளில் ஜட்சிகி காலியானதே தெரியவில்லை.

உண்டுகொண்டிருக்கும்போது மூத்தவள் சொன்ன செய்தி என் நெஞ்சில் நன்கு பதிந்தது. ஈஸ்டருக்கு முந்திய நீண்ட விரதம் தொடங்கும் திங்கட்கிழமையன்று கிரேக்க நாட்டில் குடும்பங்கள் யாவும் வயல்வெளிக்கும் கடற்கரைக்கும் புறப்பட்டுவிடுமாம். அன்று மட்டும் சுடும் லகானா என்ற தட்டை ரொட்டியும், ஆலிவ் காய்களும், ரத்தமில்லாத பிராணிகளாகக் கருதப்படுவதால் விரதத்துக்கு விலக்கில்லாத பேய்க்கணவாயும் சிப்பியும் உண்டு, குழந்தைகள் பட்டம் விடுவார்களாம். விரதத்தைக் காரணமாக வைத்து உல்லாசத்தைச் சம்பாதித்துக்கொண்ட அந்தத் தாய்மார்களும், பெருக்கைக் காரணமாக வைத்து ஆற்றங்கரையைச் சம்பாதித்துக்கொண்ட நம் தாய்மார்களும் சந்தித்தால் ஒருவரையொருவர் உடனே அறிந்துகொள்வார்கள்.

சந்திப்பு என்பதும் வெறும் கற்பனையன்று. புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் வீலர் நடத்திய அகழ்வாராய்ச்சியிலும் பின்னர் நடந்தவற்றிலும் கிடைத்த மத்தியதரைக் கடல் ஜாடிகளில், கிரேக்கத் தீவாகிய கோஸின் மாதிரியில் செய்த மதுஜாடிகளும், ஆலிவ் எண்ணெய் வந்த ஜாடிகளும் அடங்கும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்க அறிஞர் எழுதிய பூகோள நூலில் வரும் நற்றெய்வத்தின் தீவு, இந்த நிக்கோபார்க் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர் கூறுவர். இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியோ இத்தீவுகளை நக்கவாரம் என்று ஐயத்துக்கு இடமின்றியே குறிப்பிடுகிறது.

உணவு முடிந்தபின் பெண்கள் கடலோரம் நடந்தார்கள். உயிருள்ள பவளத்தை மிதிக்கக்கூடாது, உதிர்ந்து கிடப்பதையும் எடுக்கக்கூடாது என்பதை ஆண்ட்டியின் பெண்கள் என் பெண்களுக்குக் கற்பித்தார்கள். முழங்காலளவு நீருக்கு மேல் போகலாகாதென்று ஆண்ட்டி உரக்கச் சொன்னார். கரையோர நீரோட்டமும் முதலையும் இங்கே பயப்பட வேண்டியவையே. ஆனால் அவர் குரலில் இருந்தது அந்தப் பயம் மட்டுமன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் வந்த சுனாமியில் இத்தீவின் கரையோர ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்கு இரையாயின, நிலமே தாழ்ந்துபோயிற்று, எஞ்சியவர்கள் உள்நாட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவருடைய உறவினர் பலர் அன்று போனவர்கள். வெகுகாலம் வரையில் கடற்கரைக்கு வருவதையே விட்டிருந்ததாகவும், பெண்கள் பிறந்து வளர்ந்த பிறகு, கடலைக் கண்டு அஞ்சும் குழந்தைகள் இத்தீவில் எப்படி வாழ்வார்கள் என்று எண்ணி மறுபடியும் வரத் தொடங்கியதாகவும் அவர் அன்று என்னிடம் சொன்னார். சோற்றுக்கும் மீனுக்கும் அப்பால் ஒரு தாய் தன் பெண்களை வெளியே அழைத்துச் செல்வதற்கு இதைவிட உன்னதமான காரணத்தை நான் கேட்டதில்லை.

வெயில் தாழ்ந்ததும் நெருப்பை நீரூற்றி அணைத்து, இலைகளைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டுக் கிளம்பினோம். அடுத்த முறை தம் வீட்டில் தாழைக்காய் வேகவைக்கும் நாளில் என் பெண்கள் வந்து சிப்பி ஓட்டைப் பிடிக்கப் பழக வேண்டும் என்று ஆண்ட்டி அழைப்பு விடுத்திருக்கிறார்.

இதைப் படிக்கும் தாய்மார்களை இத்தீவுக்கு வரச் சொல்லி நான் அழைக்க முடியாது. சட்டம் இடங்கொடாது, இம்மக்களின் நிம்மதியை முன்னிட்டு அது இடங்கொடாதிருப்பதே நலம். ஆனால் உங்கள் ஊரிலும் ஓர் ஆறோ ஏரியோ கடலோ இருக்கும். வருகிற சனிக்கிழமை, வீட்டில் இருப்பதைக் கட்டிக்கொண்டு, உங்கள் பெண்களை அழைத்துக்கொண்டு அங்கே போங்கள். கூடுமானால் அடுத்த வீட்டுத் தாயையும் அவள் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன சமைப்பது என்பதைப் பெண்களே தீர்மானிக்கட்டும்.