சாகச மோட்டார் சைக்கிளுக்கான சாலை டயர்

சாகச மோட்டார் சைக்கிள் என்பது தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஓடும்படி அமைக்கப்பட்ட வண்டி ஆகும். தமிழ்நாட்டில் தயாராகி 2016-இல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு இமாலயன் இதற்கு எடுத்துக்காட்டு. இதன் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம். முன் டயரின் அளவு 90/90-21. அதாவது அகலம் 90 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 விழுக்காடு.

பட்டன் டயரில் ரப்பர் தனித்தனிக் கட்டைகளாக நிற்கிறது. வளைவில் வண்டி சாயும்போது சில கட்டைகளே தரையைத் தொடுகின்றன, அவையும் நெளிகின்றன. சாலை டயரில் விளிம்புவரை ரப்பர் தொடர்ந்து இருப்பதால் தரையைத் தொடும் பரப்பு கூடி, பிடிப்பும் கூடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரை வெளியேற்றும் பள்ளங்களும் அதில் இருக்க வேண்டும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பெரும்பாலும் தார்ச்சாலையில் செல்பவருக்குச் சாலை டயரே ஏற்றது. ஆனால் அறுவடைக் காலத்தில் சாலையில் கிடக்கும் வைக்கோலிலும், டிராக்டர் இழுத்துவந்த சேற்றிலும் எந்த டயரும் வழுக்கும். அங்கு வேகத்தைக் குறைப்பதே வழி.

பக்கத்து நெட்டப்பாக்கம் கொம்யூனின் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை உள்ளது. எனினும் 21 அங்குலத்தில் முழுச் சாலை டயர் வகைகள் குறைவு. கிடைக்கிறதே என்று பின்சக்கரத்துக்கு மட்டும் மாற்றுவது சரியன்று. வளைவில் முன்டயர் முதலில் நழுவினால் வண்டியை மீட்பது கடினம். இரண்டையும் இணையாக வாங்குவது நல்லது.

வாங்குமுன் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 100 கி.மீ. வரை வண்டியை அதிகம் சாய்க்கக் கூடாது.