வட்டமா, நீளமா?

பழைய அமெரிக்கக் கார்ப் படங்கள் இரண்டை அனுப்பிய வாசகர் ஒருவர், "இரண்டும் டாட்ஜ் சார்ஜர்தானே? இதில் எது 1968, எது 1969?" என்று கேட்டிருக்கிறார்.

பின்பக்கம் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டாக வட்டச் சிவப்பு விளக்குகள் இருந்தால் 68. நீளப் பட்டையாக இருந்தால் 69. முன்னால் கிரில் தடையில்லாமல் ஓடினால் 68. நடுவில் ஒரு தடுப்பு நின்றால் 69. பக்கவாட்டில் பொட்டு வைத்ததுபோல் இருக்கும் அடையாளக் குறி 68இல் வட்டம், 69இல் செவ்வகம். உடம்பு ஒன்றேதான். 440 மேக்னம், 426 ஹெமி என்ஜின்களும் இரண்டுக்கும் பொது.

எனக்குப் பிடித்த வேடிக்கை அந்த உடம்பில்தான் இருக்கிறது. உள்ளடங்கிய கிரில், இரு சரிவுகளுக்கிடையே பள்ளத்தில் பதிந்த பின்கண்ணாடி: கண்ணுக்கு அழகு. நாஸ்கார் பந்தயத்தில் அந்த இரண்டுமே வினையாயின. முன்குழி காற்றைப் பிடித்து நிறுத்தியது. பின்பள்ளத்தில் காற்று சுழன்று வாலைத் தூக்கியது. பட்டன் போடாத சட்டையோடு எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவன் என்பதால் அந்த இழுப்பு எனக்குப் புரிகிறது. 1969 மாடலில் டாட்ஜ் இரண்டு குழிகளையும் சமன்செய்து 'சார்ஜர் 500' காரை விட்டது. அதுவும் போதவில்லை. கூர்மூக்கும் ஏறக்குறைய இரண்டடி உயரப் பின்சிறகும் வைத்து 'டேடோனா' வந்தது. 1970 மார்ச்சில் டாலடேகா தடத்தில் ஓட்டுநர் பட்டி பேக்கர் அதில் மணிக்கு 200 மைலைத் தாண்டினார்.

69க்குப் பெரும்புகழ் தந்தது 1979இல் தொடங்கிய 'தி டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்' தொலைக்காட்சித் தொடர். ஆரஞ்சு நிறச் சார்ஜர் அதில் ஓடைகளைத் தாண்டிப் பாயும். பாய்ந்த கார் பெரும்பாலும் அதோடு சரி. தரையில் மோதியதும் உடற்கூடு வளைந்துவிடும். 69 போதாதபோது 68களை வாங்கி, கிரில்லையும் பின்விளக்கையும் மாற்றி, 69 வேடம் கட்டிப் பாயவிட்டார்கள். இப்படி நொறுங்கியவை நூற்றுக்கணக்கில். பின்னர் ரசிகர்கள் சிலரும் தங்கள் 68க்கு அதே வேடத்தைக் கட்டினார்கள்.

வேடத்தைக் கலைக்க ஒரு வழி உண்டு. ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடி வழியே டாஷ்போர்டில் அடையாள எண் தெரியும். அதன் ஆறாவது இடத்தில் 8 இருந்தால் 68, 9 இருந்தால் 69. பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் பெயின்ட் கடைக்குப் போகுமுன் அந்த எண்ணைப் படிக்கட்டும். 69தான் வேண்டுமென்றால் 69ஐத் தேடி வாங்கலாமே. அதற்காக ஒரு நல்ல 68 ஏன் அழிய வேண்டும்?