துணி நப்பி: வாங்குமுன்னும் கட்டுமுன்னும்

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி கட்டலாகாது என்பது எமது ஊர்களின் பழைய வழக்கம். பேரனாரின் வேட்டியையோ அம்மாவின் நூற்சேலையையோ கிழித்து, அவித்து, வெயிலில் உலர்த்தி, மடித்து அடுக்கிய பின்னரே பிரசவத்துக்குக் காத்திருந்தனர். இதனை வெறும் சம்பிரதாயம் என்போரும் உளர். வறுமையின் சிக்கனம் என்போரும் உளர். ஆயினும், இன்று புலம்பெயர்ந்த நாடுகளில் இயற்கை வேளாண்மைப் பருத்தியாலான துணி நப்பிகளை நல்ல விலை கொடுத்து வாங்கும் எம்மவருட் பலர், அவ்வழக்கத்தின் காரணத்தை அறியாமையாலேயே முதல் வாரத்தில் மனஞ்சலித்து மீண்டும் பம்பர்ஸ் பெட்டியை நாடுகின்றனர். "விலையுயர்ந்த துணி, ஆனால் ஒழுகுகிறது" என்பதே அவர்களது முறைப்பாடு.

ஒழுகுவது துணியின் குற்றமன்று. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகும் எண்ணெய்ப் பசையும் படிந்திருக்கும். வெளுக்காத புதுத்துணியில் அம்மெழுகின் பெரும்பகுதி அப்படியே நிற்கும். அதனால் நீர் உட்புகாது வழிந்தோடும். நூறு தடவை தோய்த்த பழஞ்சேலையில் அது என்றோ நீங்கிவிட்டது. எமது பாட்டிமார் மெழுகைப் பற்றி அறிந்திருக்கத் தேவையில்லை. எந்தத் துணி ஈரத்தை உறிஞ்சும் என்பதை அவர்களது கைகள் அறிந்திருந்தன.

ஆகவே, புது நப்பியைப் பழந்துணியாக்குவதே முதல் வேலை. பழுப்பு நிறமும் ஆங்காங்கே விதைத்தோலின் கரும்புள்ளிகளும் கொண்ட வெளுக்காத துணியாயின், 60 பாகை வெந்நீரில் ஐந்தாறு தடவையேனும் தோய்க்க வேண்டும். சலவை இயந்திரத்தை அத்தனை தடவை ஓட்ட இயலாதோர் பெரிய பானையில் இருபது நிமிடங்கள் அவித்து, மஞ்சள் படிந்த அந்நீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் அவிக்கலாம். முழுவதும் பருத்தியாலான துணியை மட்டுமே அவிக்கலாம். இறப்பர் நாடாவோ பிளாஸ்ரிக் படலமோ சேர்ந்தவை கொதிநீரில் கெட்டுவிடும். முதற் சில தடவைகள் பொலியெஸ்ரர் உடுப்புகளுடன் கலந்து தோய்ப்பதையும் தவிர்க்க வேண்டும். கழன்று வரும் மெழுகு அவற்றிற் படியக்கூடும். பின்னர், உலர்ந்த நப்பியின் மேல் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். துளி முத்தாக நின்றால் இன்னும் தோய்க்க வேண்டும்; உடனே பரவி மறைந்தால் குழந்தைக்குக் கட்டலாம். துணி இதற்குள் நன்றாகச் சுருங்கியிருக்கும். ஆதலால், புதிதாக இருக்கும்போதே அளவு பெரிதென்று கடைக்குத் திருப்பி அனுப்ப அவசரப்பட வேண்டாம்.

சவர்க்காரம் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளில் தோய்த்தவர்களுக்கு வன்னீர் புதிதன்று: நுரை வராது, துணியில் வெள்ளை படியும். லண்டன் மாநகரிலும் சுவிற்சர்லாந்தின் நடுநிலப் பகுதிகள் பலவற்றிலும் குழாய்நீர் அவ்வாறே வன்னீர்தான். அங்கே கட்டிச் சவர்க்காரத்தால் தோய்த்தால், அது நீரிலுள்ள சுண்ணத்துடன் சேர்ந்து இழைகளில் படிந்து, பாடுபட்டுக் கழற்றிய மெழுகின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எனவே, வாசனை சேராத சலவைத் தூளே உகந்தது. துணியை மென்மையாக்கும் திரவம் அறவே வேண்டாம். அதன் மென்மை இழையின் மேற்பூச்சேயன்றி வேறில்லை. தடிப்புக்குப் பூசும் நாகக் களிம்பும் துணியை அடைத்துவிடும். களிம்பு பூசும் நாட்களில் இடையே மெல்லிய துணியொன்றை வைப்பது நல்லது.

இனித் தெரிவு. கடைகளில் குழந்தையின் உடலுக்கேற்பத் தைத்து, பொத்தானும் நாடாவும் வைத்த அழகிய நப்பிகள் உள. அவற்றின் தடித்த அடுக்குகள் குளிர்காலத்தில் வீட்டினுள் உலர இரண்டு நாட்களும் எடுக்கும். எம்மவரின் வாழ்நிலைக்கு நாம் பரிந்துரைப்பது எளிய சதுரத் துணியையே. ஜேர்மனியில் 80 சென்ரி மீற்றர் சதுரமாக விற்கப்படும் மெல்லிய இரட்டை நெசவுத் துணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விரித்தால் ஒற்றைத் துணி, இரவோடிரவாக உலரும், மடித்தால் பல அடுக்கு, குழந்தை வளர மடிப்பு மாறும். ஊக்குக்குப் பதிலாக மூன்று கொழுக்கிகள் கொண்ட இறப்பர்ப் பிடி இப்போது கிடைக்கிறது. மேலே கட்டுவதற்கு நீர் கசியாத உறை நான்கைந்து போதும்.

"இயற்கைப் பருத்தி" என்ற சொல்லையும் இலைச் சித்திரத்தையும் மட்டும் நம்பிப் பணம் கொடுக்கலாகாது. ஜி.ஓ.ரி.எஸ். எனப்படும் உலகளாவிய புடைவைத் தரச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இரு தரங்கள்: முதலாவதில் இழையின் 95 வீதமேனும், இரண்டாவதில் 70 வீதமேனும் இயற்கை வேளாண்மையில் விளைந்திருக்க வேண்டும். சின்னத்துடன் அனுமதி இலக்கமும் அச்சிடப்பட்டிருக்கும். அதனை அந்நிறுவனத்தின் பொதுப் பதிவேட்டில் எவரும் சரிபார்க்கலாம். இது வீண் சந்தேகமன்று. இத்தகைய பருத்தியைப் பெருமளவில் விளைவிக்கும் இந்தியாவிலேயே, போலிச் சான்றிதழ்கள் புழங்கியதை 2020ஆம் ஆண்டில் அந்நிறுவனமே கண்டறிந்து அறிவித்தது. இத்தரம் குளோரின் வெளுப்பை அனுமதிப்பதில்லை; ஒட்சிசன் வெளுப்பை அனுமதிக்கிறது. அவ்வாறு வெளுத்த வெண்துணிக்கு இரண்டு மூன்று தடவைத் தோய்ப்பே போதும். கையில் பணம் குறைவாயின், சான்றிதழ் பெற்ற புதுத்துணியைவிட, வேறொரு குழந்தை கட்டிக் கழித்த சாதாரணப் பருத்தித் துணியே மேல் என்பது எமது எண்ணம். பம்பர்ஸையும் நஞ்சென்று பயமுறுத்துவதற்கில்லை. பிரான்சின் சுகாதாரப் பாதுகாப்பு முகவரகம் 2019 சனவரியில் அவற்றில் சில இரசாயனங்களின் தடயங்களைச் சுட்டிக்காட்டி, வாசனைப் பொருட்களை நீக்குமாறு கோரியது முன்னெச்சரிக்கையாகவே.

சுற்றாடலுக்கு எது நல்லது என்ற கேள்விக்கும் விடை சலவை அறையில்தான் உள்ளது. இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை ஆண்டுகளுக்குப் பம்பர்ஸ் வகையால் ஏறத்தாழ 550 கிலோவும், துணி நப்பியால் 570 கிலோவும் கரியமிலவாயுவுக்கு நிகரான வெளியேற்றம் உண்டாவதாகக் கணிக்கப்பட்டது. ஆனால், இயந்திரத்தை நிரப்பித் தோய்த்து, வெளிக்கொடியில் உலர்த்தி, இரண்டாவது குழந்தைக்கும் அதே துணியைக் கட்டினால் 200 கிலோ அளவு குறையும் என்றும் அதே ஆய்வு கூறிற்று. கொடியில் உலர்த்துவதும், அக்காவின் துணியைத் தம்பிக்குக் கட்டுவதும் எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியவையல்ல.

கொடி கட்ட இடமில்லாததே எமது இடர். சுவிற்சர்லாந்தின் அடுக்குமாடிகளில் சலவை அறை பொதுவானது. சில வீடுகளில் முறைநாள் வாரத்துக்கொன்று, சிலவற்றில் இரண்டு வாரத்துக்கொன்று. அகதிகள் தங்குமிடங்களில் பல குடும்பங்களுக்கு ஓர் இயந்திரம். பிறந்த குழந்தைக்கோ நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டும். இரண்டு நாளைக்கொரு தடவை தோய்க்க முடிந்தால் இருபத்துநான்கு சதுரங்கள் போதும். அதற்கு மேல் துணியைத் தேக்கி வைப்பது தகாது. முறைநாள் தூரமாயின், இடைநாட்களில் மெல்லிய சதுரங்களை வாளியிற் கைத்தோய்ப்புச் செய்யலாம், அல்லது பகலில் துணியும் இரவில் பம்பர்ஸும் என்று பிரித்துக்கொள்ளலாம். இப்படிப் பாதியாவது குறைந்தால், குப்பைப் பைக்கும் பணம் கட்டும் நாட்டில் அது சிறிய மிச்சமன்று. அழுக்குத் துணியை நீரில் ஊறவிடாது, மூடியுள்ள வாளியில் உலர்வாகவே வையுங்கள். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் நீர் நிறைந்த வாளி உயிராபத்து. அறையினுள் உலர்த்தும்போது காலையும் மாலையும் யன்னல்களை நன்றாகத் திறந்துவிட வேண்டும். இல்லையேல் சுவரிற் பூஞ்சணம் பிடித்து, வீட்டுச் சொந்தக்காரருடன் வழக்காடும் நிலை வரும்.

ஊரில் இவ்வேலையைத் தாயின் தாய் செய்தார். இங்கே அவர் இல்லை. பிள்ளை பெற்ற உடம்பு பச்சை உடம்பு. எனவே இத்தோய்ப்பு முழுவதும் தகப்பனுடைய பொறுப்பாகட்டும். பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே ஆறு சதுரங்களை மட்டும் வாங்கி, மேற்கூறியவாறு தோய்த்து, நீர்த்துளி விட்டுப் பாருங்கள். அவை சரிவந்த பின் மிகுதியை வாங்கலாம்.