நம்பிக்கையும் பிரிப்பும்: கியூப்ஸ் பணிசெயல் முறைமையின் அறைப்பிரிப்பு மரபுகள் பற்றிய ஒரு நோக்கு

கணினிப் பாதுகாப்புப் பற்றிய பேச்சு எமது அறிவுலகிலே இரு வகையாகவே நடைபெற்று வந்துள்ளது. ஒன்று, அதனைத் தொழில்நுட்பவியலாளரின் தனிப்பொருளாக ஒதுக்கி விடுவது. மற்றையது, கடவுச்சொல்லை மாற்றுக, அறியாத கடிதங்களைத் திறவாதிருக்க என்று கூறும் நல்லொழுக்கப் போதனை. முதலாவது அறியாமையை நியாயப்படுத்துகின்றது. இரண்டாவது பழியைத் தனிமனிதன் மீது சுமத்துகின்றது. எதை எதிலிருந்து பிரித்து வைப்பது, யார் எதை இழக்கக்கூடும் என்னும் வினாக்கள் சமூகவியற் பண்புடையன என்பது இவ்விரண்டிலும் மறைந்து போகின்றது. அம்மறைப்பை நீக்கிப் பார்ப்பதற்கு வாய்ப்பான ஓர் உதாரணமாகக் கியூப்ஸ் என்னும் பணிசெயல் முறைமை அமைந்துள்ளது. அதன் உட்பொறிநுட்பத்தை முழுமையாக விவரிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனைப் பயன்படுத்துவோர் தமது கணினியை அறைகளாக வகுக்கும்போது கைக்கொள்ளும் மரபுகளே இங்கு நோக்கப்படுகின்றன.

கியூப்ஸ் 2010 ஆம் ஆண்டிலே போலந்தின் வார்சோ நகரிலிருந்து ஜோஆனா ருட்கோவ்ஸ்கா என்பாரின் தலைமையிலே வெளிப்பட்டது. அதன் முதற் பதிப்பு 2012 இல் நிறைவுற்றது. 2018 இல் ருட்கோவ்ஸ்கா விலகியபின் மரெக் மார்ச்சிகோவ்ஸ்கி-கூரெட்ஸ்கி அப்பொறுப்பை ஏற்றார். ருட்கோவ்ஸ்கா 2008 இல் எழுதிய ஒரு கட்டுரையிலே பாதுகாப்புக்கான வழிகளை மூன்றாக வகுத்தார்: மென்பொருளைப் பிழையற எழுதுதல், அதனை மறைத்து வைத்தல், ஒன்றை மற்றொன்றிலிருந்து தனிமைப்படுத்துதல். பல இலட்சம் வரிகளைக் கொண்ட மென்பொருள் பிழையற்றிருக்கும் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகவே பிழை நிகழ்ந்தே தீரும் என ஏற்றுக்கொண்டு, நிகழ்ந்த பிழை பரவாதவாறு தடுப்பதே செய்யத்தக்கது என்பது கியூப்சின் அடிப்படை. ‘ஓரளவு பாதுகாப்பான’ பணிசெயல் முறைமை என்றே அது தன்னை அறிமுகஞ் செய்து கொள்கின்றது. விளம்பர உலகிலே இத்தகைய அடக்கம் அரிதாகக் காணப்படுவது.

இச்சிந்தனை திடீரெனத் தோன்றியதன்று. 1975 இல் சால்ற்சரும் ஷ்றோடரும், ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் பணிக்கு வேண்டிய மிகக் குறைந்த அதிகாரமே வழங்கப்பட வேண்டும் என்னும் கோட்பாட்டை வகுத்துரைத்தனர். 1981 இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் றஷ்பி, தனித்தனி இடங்களில் வைக்கப்பட்ட பல கணினிகள் கம்பிகளால் மட்டுமே தொடர்புறும் நிலையை ஒரே கணினிக்குள் உருவாக்கும் சிறு மையநிரலை முன்மொழிந்தார். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலே உருவாகி 2003 இல் விளக்கப்பட்ட ஸென் என்னும் மெய்நிகராக்க மென்பொருளே கியூப்சுக்கு அடித்தளமாயிற்று. ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் இயந்திரங்கள் இயங்குகின்றன. அவை ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று காணமாட்டா. இவற்றைக் கியூப் என்பர். இங்கு நாம் அறை எனக் கூறுவோம்.

நிறுவும்போதே சில அறைகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. வலையமைப்பு அட்டையைக் கையாள ஓர் அறை, தீச்சுவருக்கு ஓர் அறை, யூ.எஸ்.பி. கருவிகளுக்கு ஓர் அறை என்பன பின்னணியில் உள்ளவை. பயனர் நேரே புழங்குவதற்கு வேலை, தனிவாழ்வு, நம்பத்தகாதது, பெட்டகம் என நான்கு தரப்படுகின்றன. பெட்டகத்துக்கு வலைத்தொடர்பு கிடையாது. இவை அனைத்துக்கும் மேலே, திரையையும் விசைப்பலகையையும் ஆளும் ‘டொம் சீரோ’ என்னும் நிர்வாக அறை உண்டு. அதற்கும் வலைத்தொடர்பு இல்லை. அங்கே எந்த ஆவணத்தையும் திறப்பதில்லை என்பது மரபு. அது வீழ்ந்தால் அனைத்தும் வீழும்.

அறைகள் வார்ப்புருக்களிலிருந்து பிறக்கின்றன. ஏட்டுப்பிரதிகளோடு பழகியோர்க்கு இது எளிதில் விளங்கும். மூலப்பிரதியிலுள்ள வழு எல்லாப் படிகளிலும் இறங்கும். ஒரு படியில் நேர்ந்த வழு மூலத்துக்கு ஏறாது. மென்பொருள் வார்ப்புருவிலேயே நிறுவப்படுகின்றது. அறையிலே பயனரின் கோப்புகள் நிலைத்திருக்க, பணிசெயல் முறைமையின் பகுதியில் நிகழ்ந்த மாற்றங்கள் அறையை மூடியதும் அற்றுப்போகின்றன. ஆகவே ஐயத்துக்குரிய மென்பொருளை யாவருக்கும் பொதுவான வார்ப்புருவிலே ஏற்றாது, அதற்கெனத் தனி வார்ப்புரு அமைத்தல் வேண்டும். இவற்றைவிட ஒருதடவை அறைகளும் உள்ளன. ஒரு கோப்பைத் திறக்கத் தோன்றி, மூடியதும் முற்றாக மறைந்துவிடுவன.

ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறம் உண்டு. அவ்வறையின் சாளரங்களைச் சுற்றி அந்நிறத்திலே விளிம்பு வரையப்படும். விளிம்பை வரைவது அறையன்று, டொம் சீரோவே. ஆதலின் ஓர் அறை மற்றோர் அறையாக வேடம் புனைய இயலாது. சிவப்பு ஆபத்தானது, மஞ்சள் இடைநிலை, பச்சை நம்பத்தக்கது, கறுப்பு பெட்டகம் என்பது பரவலாக வழங்கும் மரபு. ஆயினும் முறைமைக்கு எல்லா நிறங்களும் ஒன்றே. சிவப்பு அறையின் சுவர் மெல்லியதுமன்று, பச்சை அறையின் சுவர் தடித்ததுமன்று. பொருள் முழுவதும் பயனரின் மனத்திலேயே உள்ளது. குறிக்கும் குறிப்பொருளுக்கும் இடையிலான உறவு மரபினாலே நிலைநிறுத்தப்படுவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. சிவப்பிலிருந்து பச்சைவரை செல்லும் இவ்வளவுகோல் ஒற்றைப் பரிமாணமுடையது. நம்பிக்கை கூடுதல், குறைதல் என்பதன்றி வேறெதையும் அதனாற் கூற முடியாது. அமெரிக்க விமானப்படையின் தேவைக்காக 1973 இல் பெல்லும் லபாடுலாவும் வகுத்த மாதிரி இரகசியத்தைக் காப்பது: கீழ்நிலையிலுள்ளோர் மேல்நிலை ஆவணத்தைப் படிக்கலாகாது, மேல்நிலையிலிருந்து கீழ்நிலைக்கு எதுவும் எழுதப்படலாகாது. பிபா வகுத்த மாதிரி தூய்மையைக் காப்பது. அது முன்னையதன் நேர்த் தலைகீழ்: மேல்நிலை கீழ்நிலையைப் படித்து மாசுறலாகாது, கீழ்நிலை மேல்நிலைக்கு எழுதலாகாது. கியூப்சின் அன்றாட மரபு பெரிதும் பிபாவின் பக்கஞ் சார்ந்தது. நம்பிக்கை குறைந்த அறையிலிருந்து கூடிய அறைக்கு எதையும் கொண்டுவராதீர் என்பதே அது பயனருக்கு உணர்த்தும் முதல் விதி. ஓர் அறையிற் பிரதிசெய்த வாக்கியத்தை மற்றோர் அறையில் ஒட்டுவதற்கு நான்கு விசைச்செயல்கள் வேண்டும். கோப்பு அனுப்பும்போது, அது எங்கே செல்லவேண்டும் என்பதை டொம் சீரோவின் சாளரத்திலே பயனரே தெரிவு செய்ய வேண்டும். இத்தாமதம் குறைபாடன்று. பழக்கத்தின் வேகத்திலே கை செய்துவிடக்கூடியதை மனம் ஒருமுறை பார்ப்பதற்கென விடப்பட்ட இடைவெளி அது.

ஆயின், மெய்வாழ்விலே இரு தேவைகளும் ஒரே பொருளிற் கூடுவதுண்டு. வாய்மொழி வரலாறு சேகரிக்கும் ஆய்வாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தமக்கு நேர்ந்ததைக் கூறிய ஒரு சாட்சியின் ஒலிப்பதிவு நினைவு அட்டையொன்றில் அவரிடம் வந்து சேர்கின்றது. இரகசியத்தின் நோக்கிலே அவரிடமுள்ளவற்றுள் அதுவே மிக உயர்ந்தது. வெளிப்பட்டால் துன்புறுவோர் ஆய்வாளரன்று, சாட்சியே. தூய்மையின் நோக்கிலே அதுவே மிகத் தாழ்ந்தது. அந்த அட்டை எத்தனை கணினிகளுக்குள் நுழைந்து வந்தது என்பது எவருக்கும் தெரியாது. அதற்குச் சிவப்பு நிறம் கொடுப்பதா, கறுப்பு நிறம் கொடுப்பதா? நிறம் விடை தராது.

முரண்பாட்டை ஓர் அறைக்குள் அடக்க முயல்வதே தவறு. அட்டையை யூ.எஸ்.பி. அறை ஏற்கட்டும். கோப்பு அங்கிருந்து வலைத்தொடர்பற்ற பெட்டகம் போன்ற ஓர் அறைக்குச் சென்று, அங்கே திறக்கப்படாமற் கிடக்கட்டும். கேட்க வேண்டும்போது வலைத்தொடர்பற்ற ஒருதடவை அறையிலே திறந்து கேட்டுப் பின்னர் அவ்வறையை அழித்துவிடலாம். வலையின்மை இரகசியத்துக்கும், அழிந்துபோதல் தூய்மைக்கும் விடையாகின்றன. சேமிக்குமிடமும் திறக்குமிடமும் வேறாக இருத்தலே இம்மரபின் உயிர்நிலை. பலர் இடறும் கல்லொன்றும் இங்குண்டு. ஒருதடவை அறைக்கு வலைத்தொடர்பு உண்டா இல்லையா என்பது, அதனை அழைத்த அறையைப் பொறுத்ததன்று, அது எந்த வார்ப்பிலிருந்து பிறக்கின்றதோ அதனைப் பொறுத்தது. பெட்டகத்திலிருந்து திறந்தேன், ஆகவே வலையில்லை என எண்ணுவோர் ஏமாறுவர். வலையற்ற வார்ப்பொன்றை வேறாக அமைத்து, அதனையே பெட்டகத்தின் இயல்புத் தெரிவாகக் குறித்துவைத்தல் வேண்டும். எழுத்தாவணங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: ஐயத்துக்குரிய பீ.டீ.எஃப். கோப்பை ஒருதடவை அறையிலே வெறும் படப்புள்ளிகளாக மாற்றி, அவற்றிலிருந்து புதிய கோப்பை ஆக்கிப் பெறலாம். தேடத்தக்க எழுத்து அதனால் இல்லாமற் போகும் என்பது ஆய்வாளர் கொடுக்கும் விலை.

அறைகளை எவ்வாறு வகுப்பது என விளக்குவதற்குக் கியூப்சின் அதிகாரபூர்வ வழிகாட்டி மூன்று கற்பனை மாந்தரைக் காட்டுகின்றது. பல வாடிக்கையாளருக்கு வேலைசெய்யும் மென்பொருளாளர் ஒருவர்; வலியோரின் செயல்களை வெளிக்கொணரும் புலனாய்வுப் பத்திரிகையாளர் ஒருவர்; சிக்கனமாக வாழ்ந்து சேமித்ததை முதலீடு செய்பவர் ஒருவர். இலக்கிய மாணவர் கதைமாந்தரைக் கண்டால் அவர்தம் வர்க்கத்தை வினவாதிரார். மென்பொருளாளரின் அறைகள் வாடிக்கையாளருக்கு ஒன்றாகப் பிரிகின்றன; முதலீட்டாளரின் அறைகள் வங்கிக் கணக்கு, மறைநாணயம், காப்புறுதி என உடைமையின் வடிவங்களைப் பின்தொடர்கின்றன. உழைப்புப் பிரிவினையும் தனியுடைமையும் வாழ்வை எவ்வாறு கூறுபடுத்தியுள்ளனவோ அவ்வாறே கணினியும் கூறுபடுகின்றது. ‘வேலை’, ‘தனிவாழ்வு’ என்னும் இயல்பான பெயர்களும் அத்தகையனவே. வீட்டிலிருந்தே கூலிவேலை செய்யும் பெண்ணுக்கோ, தொழிற்சங்கத்திலே முழுநேரம் இயங்குபவருக்கோ அவ்வெல்லை எங்கே விழும்? வழிகாட்டியை எழுதியோரைக் குறைகூறுவதன்று எமது நோக்கம். அவர்கள் தாம் அறிந்த வாழ்வை எழுதினர். மூவருள் பத்திரிகையாளரின் அறைகள் மட்டும் வேறு தர்க்கத்தைக் கொண்டுள்ளன என்பதும் கூறப்பட வேண்டும். அவர் தம் உடைமையைக் காப்பதோடு, தம்மிடம் பேசியவரையும் காக்க வேண்டியவராக இருக்கின்றார்.

சுவர்களும் இடிபடாதன அல்ல. 2015 ஒக்ரோபரிலே ஸென்னில் வெளிப்பட்ட ஒரு வழு ஏழாண்டுகள் அங்கேயே கிடந்தது. அதனைப் பயன்படுத்தி ஓர் அறையிலிருந்து முழுக் கணினியையும் கைப்பற்ற முடிந்திருக்கும். 2018 இல் வந்த நான்காம் பதிப்பு, வன்பொருளின் துணைகொண்ட வேறொரு மெய்நிகராக்க முறைக்குப் பெரும்பாலும் மாறியது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அறியப்பட்ட மெல்ற்டவுன், ஸ்பெக்டர் என்னும் குறைகளோ முறைவழியாக்கியிலேயே இருந்தன. வன்பொருளை நம்பியே ஆகவேண்டியிருப்பது இம்முயற்சியின் எல்லை.

பொருளியல் எல்லை இதனினும் நெருக்கமானது. குறைந்தது 6 கிகாபைற்று நினைவகமும், செவ்வனே இயங்க 16 கிகாபைற்றும் வேண்டும் என்கின்றனர். உரிய மெய்நிகராக்க வசதிகள் முறைவழியாக்கியிலே இருத்தலும் வேண்டும். மென்பொருள் இலவசம், அதனைத் தாங்கும் இயந்திரம் இலவசமன்று. கியூப்ஸ் ஒரு பயனருக்கே உரியது என்பது இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. டொம் சீரோவை ஆள்பவர் அனைத்தையும் ஆள்கின்றார். ஒரு துறையின் ஒரே கணினியை ஐவர் பகிரும் நிலையிலே, அவ்வைவரையும் ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துக் காப்பதற்கு இம்முறைமை முன்வரவில்லை. தனிமனிதனும் அவனது தனிக்கணினியும் என்பதே அதன் உள்ளார்ந்த கருதுகோள். அமெரிக்க அரசின் நிதியைப் பெற்று இயங்கிய திறந்த தொழில்நுட்ப நிதியம் இதன் வளர்ச்சிக்கு உதவியதும், அவ்வரசின் கண்காணிப்பை 2013 இல் அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன் இதனையே பரிந்துரைத்ததும் வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

எனினும் அக்கருதுகோளைக் கடந்த ஒரு பயன்பாடு உண்டு. பத்திரிகைகளுக்கு இரகசியமாக ஆவணம் அனுப்புவோருக்கென இயங்கும் செக்கியூர் டிறொப் என்னும் முறைமையை, பத்திரிகைச் சுதந்திர மன்றம் என்னும் அமெரிக்க அமைப்புப் பேணி வருகின்றது. வந்த ஆவணத்தைத் திறப்பதற்கு, வலையோடு ஒருபோதும் இணைக்கப்படாத தனிக்கணினியொன்றைச் செய்தியாளர் வைத்திருக்க வேண்டியிருந்தது. கணினிக்கும் கணினிக்கும் இடையே கோப்பைக் காவித் திரிவதிலே பொழுது கழிந்தது. அதற்கு மாற்றாக அவ்வமைப்புக் கியூப்சின் மீது ஆக்கிய பணிநிலையத்திலே மறைகுறித் திறவுகோல் ஓர் அறையிலும், வெளித்தொடர்பு வேறோர் அறையிலும் இருக்க, ஆவணங்கள் வலையற்ற ஒருதடவை அறைகளிலே திறக்கப்படுகின்றன. இவ்வறைகளைச் செய்தியாளர் வகுப்பதில்லை. அவை ஏலவே வகுக்கப்பட்டு, பலராற் பரிசீலிக்கப்பட்டு, எல்லா இயந்திரங்களிலும் ஒரே வடிவில் நிறுவப்படுகின்றன. தனிமனிதனின் கவனத்தை நம்பியிருந்த மரபு இங்கே ஒரு தொழிற்றுறையின் பொதுவிதியாகியுள்ளது.

சாட்சிகளின் ஒலிப்பதிவுகளையும் களக்குறிப்புகளையும் வைத்திருக்கும் ஆய்வுத்துறைகள் இவ்வாறானதோர் அறைப்படத்தைத் தமக்கெனக் கூடி வரையலாம். அதற்கு முதற்கண் கணினி வேண்டுவதில்லை. ஒரு தாள் போதும். எந்தப் பதிவு யாரைப் பற்றியது, அது வெளிப்பட்டால் யார் இழப்பர், அது எவ்வழி வந்தது, யார் திறக்கலாம், காப்புப்பிரதியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும், அவர் இல்லாதபோது யாரிடம் இருக்கும் என்பன அதிலே எழுதப்பட வேண்டும். இறுதி இரு வினாக்களுக்கும் கியூப்சிலே விடையில்லை. அவற்றை அத்துறையினரே அமர்ந்து தீர்மானிக்க வேண்டியுள்ளது.